நாற்பத்தொன்றாம் கட்டம்

தண்டையார்பேட்டையில் அந்தப் புண்ணாக்குக் கிடங்குக்குள் சுண்ணாம்பால் அறுபத்தெட்டுக் கட்டங்கள் போட்டிருந்தார்கள். ஒரு கட்டம் எட்டடிக்கு ஆறடி. கட்டத்துக்கு ஒரு குடும்பம். புயல் ஓய்ந்த ஐந்தாம் நாள், ராயபுரம் கடலோரத்து ஜனங்களை லாரியில் ஏற்றிவந்து இங்கே இறக்கினார்கள். ஓர் அதிகாரி வாசலில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஆறே மாதத்தில் எல்லோருக்கும் ஓட்டு வீடு கிடைத்துவிடும் என்றார். கூட்டம் கை தட்டியது. குப்பம்மா மட்டும் தன் புருஷன் ஜெயவேலின் விலாவில் இடித்தாள்.

"ஆறு மாசம்னா எந்த வருசத்து ஆறு மாசம்னு கேளுய்யா."

ஜெயவேல் கேட்கவில்லை. அவன் கையில் ஒரு கோழியும் ஒரு அலுமினியக் குண்டானும் இருந்தன. அவன் வீட்டில் மிஞ்சியது அவ்வளவுதான்.

நாற்பதாம் கட்டம் குப்பம்மாவுக்கு வந்தது. நாற்பத்தொன்று ரஹீமுன்னிசாவுக்கு. அது மூலைக் கட்டம். இரண்டு பக்கம் கிடங்கின் சுவர், ஒரு பக்கம் குப்பம்மா, மிச்சப் பக்கம் நடைவழி.

ரஹீமுன்னிசாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. பிள்ளை இல்லை. கிழிந்த கோணிகளை ஒட்டுப்போட்டுத் தைப்பது அவள் தொழில். துறைமுகத்துக் கிடங்குகளுக்கு அப்படித் தைத்துக் கொடுக்கும் பெண்கள் ராயபுரத்தில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். அவள் புருஷன் மஜீது மூட்டை தூக்குகிறவன். புயல் அன்று ஒரு கிடங்கின் தகரக் கூரையைக் கயிறு போட்டுக் கட்ட ஆள் கூப்பிட்டார்கள். போனான். கூரை பறக்கவில்லை. சுவர் சாய்ந்துவிட்டது. மூன்றாம் நாள் அவனை எடுத்து அடக்கம் செய்தார்கள். அவர்கள் குடிசை இருந்த இடத்தில் அப்போது அலை வந்து போய்க்கொண்டிருந்தது.

மஜீதின் அக்கா சாபிரா வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்தாள். ஒரு வெள்ளைச் சேலையும் ஒரு ஜமக்காளமும் கொண்டுவந்திருந்தாள். கட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"நாலு மாசம் பத்து நாளு. இத்தா முடியற வரைக்கும் அந்நிய ஆம்பளை கண்ணுல படாத. கொரல்கூட வெளிய கேக்கக் கூடாது. இன்னா புரியுதா?"

"புரியுது அக்கா."

"புருசன் வூட்லதான் குந்தணும். வூடுதான் கடல்ல போயிடுச்சே. இந்தக் கட்டம்தான் இனிமே என் தம்பி வூடுன்னு நெனச்சுக்கோ."

சாபிராவின் வீடு ஒரே அறை. அதில் ஒன்பது பேர். கூட்டிப்போக முடியாது என்று அவள் சொல்லவில்லை; ரஹீமுன்னிசா கேட்கவும் இல்லை. கோணியூசியை எடுத்து நான்கு கோணிகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்தாள். அதையே நடைவழிப் பக்கமும் குப்பம்மா பக்கமும் சேர்த்துத் தொங்கவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்தாள்.

குப்பம்மா அதற்கு முன், புருஷன் செத்தவள் இருக்கவேண்டிய இத்தாவைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பக்கத்துக் கட்டத்துக்காரிக்கு என்ன தேவையோ அதை அவள் இரண்டே நாளில் புரிந்துகொண்டாள். கஞ்சி ஊற்றும்போது இரண்டு தட்டு ஏந்தி வருவாள். கோணியின் அடிப்பக்கத்தைத் தூக்கி ஒரு தட்டை உள்ளே தள்ளுவாள். தண்ணீரும் அப்படித்தான். வெளிச்சம் வருமுன், அவள் ஒதுங்கப் போகும்போது பின்கதவு வழியாகத் துணைக்குப் போய்வருவாள். பேச்சு மட்டும் ஒரு வழியாகவே நடந்தது. குப்பம்மா பேசுவாள், உள்ளேயிருந்து வளையல் இல்லாத கை ஒன்று சுவரை ஒரு தட்டுத் தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை.

"அந்த நீலமேகம் கீறானே, ஒண்ணாம் நம்பரு, நேத்து மறுபடியும் பொண்டாட்டிய அடிச்சான். கேட்டுச்சா?"

ஒரு தட்டு.

"நீ வெளிய வந்ததும் நம்ம ரெண்டு பேரும் போயி கேப்போம்."

சற்று நேரம் கழித்து, ஒரு தட்டு.

பார்க்க எதுவும் இல்லாததால் ரஹீமுன்னிசா காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். எந்த இருமல் யாருடையது, எந்தக் குழந்தை எந்த நேரத்தில் அழும், தகரக் கூரையில் மழை எந்த மூலையில் முதலில் விழும் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் அவளுக்கு அத்துபடியாயிற்று. கிடங்கில் இருந்த ஒருவரையும் அவளுக்கு முகம் தெரியாது. அத்தனை பேரையும் தெரியும்.

முதல் ஆள் கணக்கு இத்தாவின் பத்தொன்பதாம் நாள் நடந்தது.

விதி எளிமையானது. குமாஸ்தா ரெஜிஸ்டரைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். கூப்பிட்டதும் குடும்பத்தில் ஒருவர் எழுந்து நின்று 'இருக்கேன்' என்று சொல்லவேண்டும். அவர் ஆளைப் பார்த்து டிக் போடுவார். இப்படி மூன்று கணக்கு. மூன்றிலும் ஆள் இல்லையென்றால் பேர் அடிக்கப்படும். வீடு அந்த ரெஜிஸ்டரின்படிதான்.

குமாஸ்தாவுக்குச் சந்தேகம் அதிகம் என்று குறை சொல்ல முடியாது. வீடு என்றதும் இல்லாத குடும்பங்கள் நிறையப் பிறந்திருந்தன. இருபத்தொன்பதாம் கட்டத்தில் ஒரு கோணி தொங்கியது. பேர் கூப்பிட்டபோது உள்ளே ஏதோ அசைந்தது, பதில் இல்லை. குமாஸ்தா கோணியை ஒதுக்கினார். உள்ளே ஒரு ஆடு நின்று அவரைப் பார்த்தது. கிடங்கே சிரித்தது. குமாஸ்தா சிரிக்கவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் அவர் நாற்பத்தொன்றுக்கு வந்தார். அங்கேயும் ஒரு கோணி.

"ரஹீமுன்னிசா. காலஞ்சென்ற மஜீது மனைவி."

சத்தம் இல்லை.

"உள்ளதான் கீறாங்க சார்," என்றாள் குப்பம்மா. "புருசன் பூட்டாரு. அவங்க வயக்கத்துல நாலு மாசம் வெளிய வரமாட்டாங்க."

"இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு."

"கொரல் குடுக்கக் கூடாதாம் சார்."

"நீ சொல்றதை நான் எழுதணுமா? நாளைக்கு உன் மாமியார், மாமனார், ஒண்ணுவிட்ட சித்தப்பா எல்லாம் உள்ளே இருக்காங்கன்னு சொல்லுவே."

"என் மாமனாரு செத்து பத்து வருசமாச்சு. வேணும்னா எட்டிப் பாருங்க," என்றாள் குப்பம்மா.

குமாஸ்தா கையை நீட்டவில்லை. சாவு வீட்டுப் பெண்ணின் திரையை விலக்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். முப்பத்தைந்தாம் கட்டத்து கலீலுல்லா ஏற்கனவே எழுந்து நின்றிருந்தார். குமாஸ்தா, "ஆள் காணவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

இரண்டாவது கணக்கு ஐம்பதாம் நாள். அதேதான் நடந்தது. எண்பத்தொன்றாம் நாள் மூன்றாவது கணக்கு. அன்றைக்குக் குமாஸ்தா கொஞ்சம் இறங்கி வந்தார் என்று சொல்லவேண்டும். திரைக்கு முன் வந்து நின்று, தானாகவே கேட்டார்.

"குரல் வேண்டாம். முகம் வேண்டாம். ஒரு கையை வெளியே காட்டட்டும். எழுதிட்டுப் போறேன். இதுதான் கடைசி."

குப்பம்மா குனிந்து கோணிக்குள் கிசுகிசுத்தாள். "யம்மாடி, ஒரு கைதான். வெரலு மட்டும். கண்ண மூடிகினு நீட்டேன்."

உள்ளே ரஹீமுன்னிசா எழுந்து நின்றிருந்தாள். கோணிக்கும் அவளுக்கும் ஒரு முழம் இல்லை. குமாஸ்தாவின் மூக்குப்பொடி வாசனை வந்தது. வலது கையைத் தூக்கினாள். கோணியின் இழைக்குள் வெளியே நிற்கும் ஆளின் வேட்டி வெள்ளையாகத் தெரிந்தது. மஜீதுக்கு அவள் கடைசியாகச் சோறுகூடப் போடவில்லை. அவசரமாக வெறும் வயிற்றோடு ஓடினான். இனி அவனுக்குச் செய்ய முடிந்தது இந்த நாலு மாசம் பத்து நாள் ஒன்றுதான். அதில் இன்னும் நாற்பத்தேழு நாள் பாக்கி இருந்தது. கை கோணியைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"சரி," என்றார் குமாஸ்தா. பேனாவை அழுத்தினார். "முள்ளு ஒடிஞ்சு போச்சு. யாருப்பா, அந்தப் பென்சிலை எடு."

பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோடு விழும் சத்தமும் தனக்குக் கேட்டது என்று ரஹீமுன்னிசா பின்னாளில் சொல்வாள். அதை மட்டும் யாரும் நம்பியதில்லை.

இத்தா முடிந்து அவள் வெளியே வந்தபோது மாசி வெயில் கண்ணைக் குத்தியது. முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, பேசச் சொல்லி, குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள். நீலமேகம் இவ்வளவு குள்ளமாக இருப்பான் என்று அவள் நினைக்கவில்லை. குப்பம்மாவும் அவளும் போய், பெண்டாட்டியை அடிப்பதைப் பற்றிக் கேட்டார்கள். நீலமேகம் இரண்டு வாரம் அடங்கியிருந்தான்.

பிறகு அவள் பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் வீட்டுக்குப் போனாள். ஹஜ்ரத் முழுவதையும் கேட்டார்.

"தலைக்கு மேலே கூரை வேணும்ங்கிறது அவசியம்தானேம்மா. அவசியத்துக்கு வெளியே வரலாம். பதிலும் சொல்லலாம். தடையில்லையே. யாரும் உனக்குச் சொல்லலையா?"

"யாரும் சொல்லல."

"என்னைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கலாமே."

"யாரை அனுப்பறது ஹஜ்ரத்?"

ஹஜ்ரத் ஆறுதலாக, "நீ இருந்த இத்தா வீண் போகாது. அல்லாஹ்கிட்ட எழுதியாச்சு," என்றார்.

"அங்க எழுதியாச்சு," என்றாள் ரஹீமுன்னிசா. "இங்கதான் எழுதல."

தாலுகா ஆபீசில் முதல் மனு. இரண்டாவது மனு. குப்பம்மா கைநாட்டு வைத்தாள், ஜெயவேல் வைத்தான், கலீலுல்லா கையெழுத்தே போட்டார். கிடங்கில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் சாட்சி செல்லாது என்று பதில் வந்தது. எல்லாக் கிடங்கிலும் எல்லோரும் எல்லோருக்கும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப இங்க கீறேனே சார்," என்றாள் அவள் ஆபீசரிடம்.

"இப்ப இருக்கிறது கணக்கில்லைம்மா. வீடு வருதுன்னு தெரிஞ்சு பின்னாடி வந்து உட்கார்ந்தவங்க ஆயிரம் பேர். அப்ப நீ இருந்தியா, அதுதான் கேள்வி. சர்க்கார் ஆள் யாராவது உன்னைப் பார்த்தாங்களா?"

இன்னொரு மேஜையில், புயலில் இறந்தவர்கள் பட்டியல் இருந்தது. அதில் மஜீது இருந்தான். தகப்பன் பேர், வயது, இறந்த இடம் எல்லாம் சரியாக இருந்தன. இருப்பவர்கள் பட்டியலில்தான் அவள் இல்லை.

ஆறு மாதம் பதினான்கு மாதமாயிற்று. அப்போதுதான் வியாசர்பாடிப் பக்கம் முதல் இருபது வீடு எழுந்தது. இருபது பேர் மாட்டுவண்டியில் சாமான் ஏற்றிப் போனார்கள். இரண்டாம் வருஷக் கடைசியில் இன்னும் இருபத்திரண்டு. அதில் ஜெயவேல் பேரும் இருந்தது. குப்பம்மா அன்று காலையிலிருந்து எதையோ தேடுவதுபோல் தன் எட்டடிக்கு ஆறடியில் சுற்றிச்சுற்றி வந்தாள்.

"வாரம் தவறாம வருவேன்," என்றாள். "நீயும் வா. பஸ்ஸு கீது."

"நீ போ. ஜெயவேலு வண்டிய நிறுத்திகினு கீறாரு."

முதலில் வாரம் ஒருமுறை வந்தாள். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு பெருநாளுக்கு வந்தாள். தன் மருமகளுக்குப் பிள்ளை பிறந்த பிறகு வரவில்லை.

ரஹீமுன்னிசா கிடங்கைவிட்டு நகரவில்லை. எந்த நாள் எந்த அதிகாரி ஆள் கணக்கு எடுக்க வருவார் என்று யாருக்குத் தெரியும்? தைக்கவேண்டிய கோணியைக் கிடங்குக்கே கொண்டுவரச் செய்தாள். கோணி கொடுக்கும் மேஸ்திரி அதற்குக் கைவண்டிக் கூலி பிடித்துக்கொண்டார். ரேஷன் கடைக்குப் போனால் ஓட்டமும் நடையுமாகத் திரும்புவாள். சாபிரா தன் மகள் நிக்காஹ்வுக்குக் கூப்பிட வந்தபோதும் அவள் தலையை ஆட்டினாள்.

"ஒரு நாளு. காலைல வந்துட்டு அசர் தொழுகைக்குள்ள திரும்பிடலாம். உன் கட்டத்த எவனாச்சும் தூக்கிகினு பூடுவானா?"

"தூக்கிகினுதான பூட்டாங்க அக்கா. நான் உள்ள குந்திகினு கீறப்பவே."

சாபிரா முகத்தை முக்காட்டால் துடைத்துக்கொண்டு போனாள். திரைக்குள் உட்காரச் சொன்னது தான்தான் என்பது அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்கும். அதற்கப்புறம் பிரியாணி மட்டும் பாத்திரத்தில் வந்தது.

மூன்றாம் வருஷம் முடிவதற்குள் மற்றவர்களுக்கும் வீடு கிடைத்து, கிடங்கில் அவள் ஒருத்திதான். காலியான கட்டங்களில் கிடங்கின் முதலாளி புண்ணாக்கு மூட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். ஒன்றாம் நம்பரிலிருந்து மூட்டைகள் வரிசை பிடித்து முன்னேறின. காவலுக்கு மாசானம் என்று தெற்கத்தி ஆள் ஒருவர் வந்தார். வாசலில் உட்கார்ந்து பீடி பிடிப்பார். பேச்சுத் துணைக்கு ஆகிற மனிதர் இல்லை.

அந்தக் காலத்தில்தான் அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. கோணியூசியை இழுக்கும்போது, இழுப்புக்கு ஒரு பேராகச் சொல்லிக்கொண்டு போவாள். ஒண்ணு நீலமேகம். ரெண்டு, மூணு, நாலு. குமாஸ்தா கூப்பிட்ட அதே வரிசை. அதே பதில், அதே குரலில். பதினேழாம் நம்பர் ஜார்ஜின் அவசரம், இருபத்தாறாம் நம்பர் இசக்கியம்மாளின் இழுவை, கலீலுல்லாவின் தொண்டைச் செருமல். நாற்பது வரும்போது குப்பம்மாவின் "கீறேன் கீறேன், கத்தாத." நாற்பத்தொன்றில் நூலை முடிச்சுப் போடுவாள். சொல்லமாட்டாள். பிறகு நாற்பத்திரண்டு. அறுபத்தெட்டு முடிந்தால் ஒரு கோணி முடிந்திருக்கும்.

"என்ன பீவியம்மா, தொழுகையா?" என்று மாசானம் ஒருநாள் கேட்டார்.

"இல்ல. வூட்டு ஆளுங்க."

மாசானம் மூட்டைகளைச் சுற்றிப் பார்த்தார்.

நான்காம் வருஷம் பங்குனியில் ராமசுப்பு என்ற புது இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். கிடங்கை முதலாளியிடம் திருப்பி ஒப்படைக்கவேண்டும். யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது. அதற்காகப் பழைய ரெஜிஸ்டரைக் காரியரில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மூட்டைச் சந்துகளுக்குள் நுழைந்தவர் கடைசி மூலையில் ஒரு பெண் கோணி தைத்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அவள் சடாரென்று எழுந்து நின்றாள்.

"நீங்க யாரும்மா?"

சொன்னாள். ராமசுப்பு கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்து ரெஜிஸ்டரைப் புரட்டினார். நாற்பத்தொன்றில் கோடு இருந்தது. மாசானம் வாங்கிவந்த டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு, பொறுமையாகத்தான் கேட்டார்.

"மூணு கணக்கிலேயும் இல்லைன்னு இருக்கே. யாராவது உங்களைப் பார்த்தாங்களா?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் குந்தினேன் சார்."

"அப்ப நான் என்னம்மா செய்யறது? இருந்தீங்கன்னு எதை வச்சு எழுதுவேன்?"

அந்தக் கேள்வியை நாலு வருஷத்தில் எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். ஆனால் ரெஜிஸ்டரை மடியில் விரித்து வைத்துக்கொண்டு யாரும் கேட்டதில்லை. ரஹீமுன்னிசா அதைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"சார், அந்தப் புஸ்தகத்துல மொதப் பக்கத்துலேருந்து பாத்துகினே வாங்க. நான் சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்துங்க."

ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்கினாள். "ஒண்ணு நீலமேகம். மூணு கணக்குலயும் அவனே பதில் சொன்னான். ரெண்டு..."

ராமசுப்பு டீயை ஊதிக் குடித்தபடி விரலை வரிசையாக நகர்த்தினார். பத்து வரை ஒரு பேர் மாறவில்லை.

"பதினேழு ஜார்ஜு. மூணாவது கணக்கு அன்னிக்கு அவன் மச்சான் பதில் குடுத்தான். குமாஸ்தா திட்டினாரு. அப்பால ஜார்ஜு ஓடியாந்து மூச்சு வாங்கிகினே 'கீறேன் சார்'னான். மொதலாளி வுடலைன்னு சொன்னான்."

விரல் நின்றது. 'தாமதமாக ஆஜர்' என்று குறிப்பு இருந்தது. ராமசுப்பு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இருபத்தாறு இசக்கியம்மா. ரெண்டாவது கணக்குல கஞ்சி அடுப்புல கீது, செத்த நில்லுங்கன்னாங்க. நிக்க மாட்டேன்னுட்டாரு. இருபத்தேழு, இருபத்தெட்டு... இருபத்தொம்போது உள்ள ஆடு."

ராமசுப்பு குனிந்து பார்த்தார். குறிப்புப் பத்தியில், அரசாங்க மையில், 'உள்ளே ஆடு' என்று எழுதியிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாசானமும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். ரஹீமுன்னிசா சிரிக்கவில்லை. நிறுத்தினால் வரிசை தப்பிவிடும் என்பதுபோல் போய்க்கொண்டே இருந்தாள். முப்பத்தைந்து கலீலுல்லா. நாற்பது ஜெயவேலு, பதில் சொன்னது குப்பம்மா. பிறகு அவள் வாய் பழக்கத்தில் மூடிக்கொண்டது.

"நாற்பத்தொண்ணு?" என்றார் ராமசுப்பு.

"மூணு தபா கூப்ட்டாரு. மூணாவது தபா கையக் காட்டச் சொன்னாரு. நான் காட்டல." ரெஜிஸ்டரைக் கை காட்டினாள். "எழுதப் போனாரு. முள்ளு ஒடிஞ்சிடுச்சு. பென்சில் வாங்கி அடிச்சாரு."

ராமசுப்பு ரெஜிஸ்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மூன்றாவது கணக்கின் பத்தியில் நாற்பது வரை கறுப்பு மை. நாற்பத்தொன்றின் மேல் கிழித்த கோடு பென்சில். அதற்குக் கீழே அறுபத்தெட்டு வரை எல்லா டிக்கும் பென்சில். நாலு வருஷமாக எத்தனையோ பேர் புரட்டிய ரெஜிஸ்டர். அது ஏன் பென்சில் என்று யாரும் யோசித்ததில்லை.

"இதை யாரும் உங்ககிட்ட சொல்லலையே?"

"யாரு சொல்லுவாங்க சார்? அவங்க அல்லாரும் திரைய பாத்துகினு இருந்தாங்க. நான் பேனாவ கேட்டுகினு இருந்தேன்."

ராமசுப்பு ரெஜிஸ்டரை மூடினார். பிறகு, "நான் நம்பறேன்மா," என்றார். "ஆனா நான் நம்பினா மட்டும் போதாது."

அது உண்மைதான். பென்சில் கோட்டை ரப்பரால் அழிக்க ஒரு நிமிஷம் ஆகும். அதற்கு மேலிடத்து அனுமதி வரப் பதினோரு மாதம் ஆயிற்று. ராமசுப்பு இடையில் இரண்டு முறை சைக்கிளில் வந்து, இன்னும் வரவில்லை என்று நேரில் சொல்லிவிட்டுப் போனார். வராத செய்தியைச் சொல்ல வந்த முதல் அதிகாரி அவர்தான். முதலாளியின் மூட்டைகள் நாற்பதாம் கட்டம் வரை வந்து நின்றன. மாசானம் அதற்குமேல் அடுக்கவிடவில்லை.

வீடு கொடுக்கும் நாள் வியாசர்பாடி மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். பல கிடங்குகளில் மிஞ்சிப்போன முப்பது பேருக்கு அன்று சாவி. ரஹீமுன்னிசா விடிந்ததும் வந்து முதல் வரிசையில் நின்றுகொண்டாள். பேர்கள் வந்தன. வேறு கிடங்குகளின் பேர்கள், அவள் கேட்டறியாத குரல்கள்.

"ரஹீமுன்னிசா, காலஞ்செ..."

"கீறேன்!"

கூட்டம் திடுக்கிட்டது. மைக்குப் பக்கத்தில் நின்றவர் காதைப் பொத்திக்கொண்டார். பின்னாலிருந்து ஒருவன், "இன்னாம்மா, ராயபுரத்துக்கே கேட்டிருக்கும்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் வீடு. ஓடு போட்ட ஒரே அறை, ஒரு ஜன்னல், உள்ளே தாழ்ப்பாள். சாமானை வைத்துவிட்டு, தாழ்ப்பாளை நாலைந்து முறை போட்டுத் திறந்து பார்த்தாள். பிறகு பூட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தாள். கதவைத் தட்டிப் பேர் கேட்டாள்.

நீலமேகம் வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். ஜார்ஜ் வீட்டை ஜவுளிக்காரர் ஒருவர் வாடகைக்கு எடுத்திருந்தார். இசக்கியம்மாள் ஊருக்கே போய்விட்டாளாம். துறைமுகத்தில் காலை ஆறு மணிக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கு வியாசர்பாடி தூரம். வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டு, முக்கால்வாசிப் பேர் மறுபடியும் கடலோரத்துக்கே குடிசை போடப் போய்விட்டார்கள். கலீலுல்லா இருந்தார், காது மந்தமாகியிருந்தது. பொழுது சாய்வதற்குள் அவள் பதினோரு பேரைக் கண்டுபிடித்தாள்.

குப்பம்மாவின் வீட்டைக் கடைசியாக வைத்திருந்தாள். கதவைத் திறந்தவள் முன்பின் தெரியாத ஒரு சின்னப் பெண். இடுப்பில் குழந்தை.

"அவங்களா? ராயபுரம் பூட்டாங்களே. ஆறு மாசம் ஆவுது."

"எந்த எடம்?"

"தெர்லியே. கடல்கிட்டன்னு சொன்னாங்க."

ரஹீமுன்னிசா தன் வீட்டுக்குத் திரும்பினாள். விளக்கேற்றினாள். கொண்டுவந்திருந்த கோணிக்கட்டைப் பிரித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். செங்கல் சுவர். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினாள். சுவர் அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கிக்கொண்டது.

ஊசியில் நூல் கோத்தாள். ஒண்ணு நீலமேகம். ரெண்டு. மூணு. ஊசி போய் வந்தது. ஜார்ஜ் மூச்சு வாங்கினான், இசக்கியம்மாள் கஞ்சியைக் கிண்டினாள், குப்பம்மா கத்தாதே என்றாள். நாற்பத்தொன்று வந்தது. கை வழக்கம்போல் முடிச்சுக்குப் போயிற்று. முடிச்சைப் போடாமல், அந்தப் பேரையும் சொன்னாள். குமாஸ்தாவின் குரலில் கூப்பிட்டு, தன் குரலில் பதிலும் சொன்னாள்.

திறந்திருந்த கதவருகே யாரோ செருமினார்கள். பக்கத்து வீட்டுக்காரி. சிவந்தி என்று பேர். வேறொரு கிடங்கிலிருந்து அன்று காலை வந்தவள். கையில் கரண்டி வைத்திருந்தாள்.

"அடுப்புக்கு ரெண்டு நெருப்பு வேணும்க்கா." உள்ளே எட்டிப் பார்த்தாள். "விருந்தாளி வந்துகீறாங்களா? பேச்சு சத்தம் கேட்டுச்சே."

"யாருமில்ல," என்றாள் ரஹீமுன்னிசா. "நான்தான் கீறேன்."